அன்நோன்-பிளாக்(0,0): டிஸ்க் அங்கேதான் இருக்கிறது, கர்னலுக்குத்தான் தெரியவில்லை

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் மூலநிரலை இறக்கி, தன் விருப்பப்படி சிலவற்றை நீக்கி, சிலவற்றைச் சேர்த்து, தானே கம்பைல் செய்திருக்கிறார். ஒரு பிழைகூட வரவில்லை. அதில் கிடைத்த பிஇசட்இமேஜ் என்ற கர்னல் கோப்பை பூட் அடைவுக்குள் கையால் நகலெடுத்துப் போட்டு, கர்னலை ஏற்றும் பூட்லோடரான கிரப்பின் மெனுவிலும் சேர்த்துவிட்டார். அதைத் தேர்ந்தெடுத்தால் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் "கர்னல் பேனிக் - நாட் சிங்க்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)" என்று, அதாவது ரூட் கோப்பமைப்பை இணைக்க முடியவில்லை என்று சொல்லி, அப்படியே நின்றுவிடுகிறதாம். பழைய கர்னலில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. "என் டிஸ்க் எங்கே போச்சு?" என்பது அவர் கேள்வி.

டிஸ்க் எங்கும் போகவில்லை. இந்த ஒரு வரிக்குள்ளேயே பதிலில் பாதி இருக்கிறது, அதை வாசிக்கத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கணினியை இயக்கியதும் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் எழுந்து பூட்லோடரைக் கூப்பிடும், பூட்லோடர் கர்னலை நினைவகத்தில் ஏற்றும், கர்னல் தன்னைத்தானே விரித்துக்கொண்டு நினைவகம், செயலி, சாதனங்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, எல்லாக் கோப்புகளுக்கும் வேரான ரூட் கோப்பமைப்பை மவுண்ட் செய்து (பயன்பாட்டுக்கு இணைத்து), அதிலிருந்து இனிட் என்ற முதல் நிரலை ஓட்டும். நம் வாசகரின் கர்னல் இதில் கடைசிக்கு முந்தைய படியில் விழுந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம், கம்பைலரும் பூட்லோடரும் குற்றவாளிகள் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இங்கே நியாயமாக ஒரு சந்தேகம் வரும். கர்னல் கோப்பையே அந்த டிஸ்கிலிருந்துதானே கிரப் படித்தது? அப்புறம் கர்னலுக்கு மட்டும் ஏன் டிஸ்க் தெரியவில்லை? இன்றைய கணினிகளில் கிரப் டிஸ்கைப் படிப்பது பெரும்பாலும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் தரும் பூட் சேவைகளை வைத்து. பொறுப்பு கர்னலிடம் கைமாறும்போது அந்தச் சேவைகள் மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு கர்னல் தன் சொந்தக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும், சாதனத்தோடு பேசத் தெரிந்த நிரலான டிரைவர் இல்லாத கர்னலுக்குக் கண் இல்லை.

இப்போது அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்கள். முதலாவது மேஜர் எண், எந்த வகை டிரைவர் என்று சொல்வது. இரண்டாவது மைனர் எண், அந்த டிரைவரின் கீழே எந்த டிஸ்க், எந்தப் பகுதி என்று சொல்வது. மேஜர் 8 என்றால் சாட்டா, யுஎஸ்பி டிஸ்க்குகள் சேரும் குடும்பம், அதில் (8,3) என்றால் முதல் டிஸ்கின் மூன்றாம் பகுதி. என்விஎம்இ டிஸ்க்குகளின் பகுதிகள் 259 என்ற மேஜர் எண்ணில் வரும். (0,0) என்றால்? "நீ சொன்ன பெயரில் எனக்கு ஒரு சாதனமும் தெரியாது" என்று கர்னல் கையை விரிக்கிறது என்று பொருள். ஆக, (8,3) என்று வந்து பேனிக் ஆனால் டிஸ்கைக் கண்டுபிடித்துவிட்டது, அதிலுள்ள கோப்பமைப்பைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. (0,0) என்று வந்தால் டிஸ்கே கண்ணில் படவில்லை, அல்லது நீங்கள் கொடுத்த பெயர் அதற்குப் புரியவில்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. (ஆரம்ப காலத்தில் ரூட் எந்தச் சாதனம் என்பதை கர்னல் கோப்பின் 508-ஆவது பைட்டிலேயே எழுதி வைப்பார்கள், அதை மாற்றுவதற்கென்றே ஆர்டெவ் என்று ஒரு குட்டிக் கட்டளை இருந்தது. இரண்டே பைட், மேஜருக்கு ஒன்று, மைனருக்கு ஒன்று.)

சரி, டிரைவர் ஏன் இல்லை? கர்னலை அமைக்கும்போது ஒவ்வொரு டிரைவருக்கும் மூன்று வாய்ப்புகள்: ஒய் போட்டால் கர்னலுக்குள்ளேயே சேரும், எம் போட்டால் தனிக் கோப்பாக, மாட்யூலாக வெளியே நிற்கும், என் போட்டால் கிடையவே கிடையாது. லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டிஸ்ட்ரோக்காரர்கள் பெரும்பாலானவற்றுக்கு எம் போடுகிறார்கள், ஏனென்றால் ஒரே கர்னல் எல்லார் கணினியிலும் ஓட வேண்டும், ஆயிரக்கணக்கான டிரைவர்களையும் உள்ளே திணித்தால் தாங்காது. மாட்யூல் கோப்புகள் எங்கே இருக்கும்? ரூட் டிஸ்கில், லிப் மாட்யூல்ஸ் அடைவில். டிஸ்கைத் திறக்கத் தேவையான டிரைவர் அந்த டிஸ்குக்குள்ளேயே இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழிதான் இனிட்ராம்எஃப்எஸ். இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு இவ்வளவு நேரமும் கை பரபரத்தது.

பூட்லோடர் கர்னலோடு கூட இன்னொரு கோப்பையும் நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. அது ஒரு சிறிய மூட்டை: தேவையான சில டிரைவர்கள், சில கருவிகள், இனிட் என்ற ஒரு நிரல், அவ்வளவுதான். கர்னல் எழுந்ததும் நினைவகத்திலேயே ஒரு வெற்றுக் கோப்பமைப்பை உருவாக்கி மூட்டையை அதில் அவிழ்க்கிறது. இதற்கு டிஸ்கும் வேண்டாம், டிஸ்க் டிரைவரும் வேண்டாம். பிறகு அந்த மூட்டையிலிருந்த இனிட்டை ஓட்டுகிறது. அந்தக் குட்டி இனிட் டிரைவர்களை ஏற்றி, டிஸ்க் தென்படும்வரை காத்திருந்து, பூட்டியிருந்தால் கடவுச்சொல் கேட்டுத் திறந்து, உண்மையான ரூட்டை மவுண்ட் செய்கிறது.

அந்த மூட்டையின் வடிவம் சிபிஐஓ, 1977-இல் பிறந்த பழைய யுனிக்ஸ் வடிவம். டார் என்ற பரவலான மூட்டை வடிவம் இருக்கும்போது இதை ஏன் எடுத்தார்கள் என்றால், கர்னலுக்குள் அதை அவிழ்க்கும் நிரலை எளிமையாக எழுத முடிகிறது என்பதால், தவிர கர்னலின் கோப்பமைப்புப் பகுதியைக் கவனிக்கும் ஆல் விரோவுக்கு டார் பிடிக்கவில்லை என்பதாலும். உண்மையாகவே கர்னல் ஆவணத்தில் அப்படித்தான் இருக்கிறது! ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 110 பைட் தலைப்பு: 070701 என்ற ஆறு எழுத்து, பிறகு எட்டெட்டு எழுத்தாகப் பதின்மூன்று எண்கள், எல்லாமே சாதாரண எழுத்துகளில், கண்ணாலேயே வாசிக்கலாம். கடைசியில் "டிரெய்லர்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறியோடு ஒரு பொய்க் கோப்பு, அதுதான் முடிவு என்ற அடையாளம். ஒரு மூட்டையின் பின்னால் இன்னொன்றை அப்படியே ஒட்டிவைத்தாலும் கர்னல் வரிசையாக அவிழ்த்துக்கொண்டே போகும். செயலிக்கான திருத்த நிரலான மைக்ரோகோடை முதலில் சுருக்காத மூட்டையாகவும், மற்றதைச் சுருக்கிய மூட்டையாகவும் ஒரே கோப்பில் ஒட்டித் தருவது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கை. நீங்கள் எந்த மூட்டையும் தராவிட்டாலும் கர்னலுக்குள்ளேயே ஒரு குட்டி மூட்டை எப்போதும் இருக்கிறது. 2.6 வரிசையிலிருந்தே அப்படித்தான், எக்ஸ்86-இல் வெறும் 134 பைட் என்று அதே ஆவணம் சொல்கிறது. உள்ளே இரண்டு அடைவுகளும் ஒரு கன்சோல் சாதனமும், அவ்வளவே.

இனி என் மனதுக்குப் பிடித்த இடம். உண்மையான ரூட் கிடைத்துவிட்டது, இந்தத் தற்காலிக ஏற்பாட்டை என்ன செய்வது? அன்மவுண்ட் செய்ய முடியாது. மவுண்ட் பட்டியலின் அடித்தளமே அதுதான், பட்டியல் ஒருபோதும் காலியாகாது என்று வைத்துக்கொண்டால் "காலியாக இருந்தால் என்ன செய்வது" என்று தனியாக நிரல் எழுத வேண்டியதில்லை. அப்படியே விட்டால் நினைவகம் வீண். ஆகவே ஸ்விட்ச்-ரூட் என்ற நிரல் வந்து, தான் நிற்கும் கோப்பமைப்பிலுள்ள எல்லாவற்றையும் அழிக்கிறது, தன்னுடைய கோப்பையும் சேர்த்து. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுவது என்பார்களே, அது இங்கே நிஜமாகவே நடக்கிறது, ஆனால் விழுவதில்லை. ஏனென்றால் யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் கோப்பை அழிப்பது என்றால் அடைவிலிருந்து அதன் பெயரை எடுப்பதுதான், அதை யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கும்வரை உள்ளடக்கம் போகாது. தன் பெயரே அழிந்த நிரல் மூச்சுவிட்டுக்கொண்டே புதிய ரூட்டைப் பழையதன் மேல் நகர்த்தி வைத்து, உண்மையான இனிட்டாகத் தன்னையே மாற்றிக்கொள்கிறது. முதல் நிரலுக்குரிய செயல்முறை எண் 1 அப்படியே தொடர்கிறது, பழைய நிரலை இனி யாரும் பிடித்துவைத்திருக்கவில்லை, அதன் பக்கங்கள் நினைவகத்துக்குத் திரும்புகின்றன. அழிக்கும்போது வேறு கோப்பமைப்பின் எல்லையைத் தாண்டாமல் ஒவ்வொரு படியிலும் சாதன எண்ணைச் சரிபார்க்கும், இல்லையென்றால் உங்கள் உண்மையான டிஸ்கும் சேர்ந்து காலி. பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பு தரும் ஸ்விட்ச்-ரூட், தான் உண்மையிலேயே நினைவகக் கோப்பமைப்பில்தான் நிற்கிறதா, தன் செயல்முறை எண் 1தானா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் கை வைக்கும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்கும் ஆள் சாரத்தின் மேலேயே நின்றுகொண்டு பிரிக்கிற மாதிரி. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஆக நம் வாசகர் விட்டது எது என்று இப்போது தெரிகிறது. பிஇசட்இமேஜை மட்டும் நகலெடுத்தார், மாட்யூல்களை நிறுவிப் புதுக் கர்னலுக்கென்று மூட்டை கட்டவில்லை. மூட்டை கட்டிக்கொள்ளலாம், அல்லது டிஸ்க் கட்டுப்பாட்டாளர், டிஸ்க், கோப்பமைப்பு மூன்றுக்கும் ஒய் போட்டு மூட்டையே இல்லாமல் பூட் செய்யலாம். இரண்டாவது வழியில் ஒரு குழி உண்டு. கிரப் பெரும்பாலும் ரூட் எதுவென்று யுயுஐடி என்ற அடையாள எண் கொடுத்துச் சொல்லும். அந்த எண் கோப்பமைப்புக்குள் எழுதப்பட்டது, அதைத் தேடிப் பிடிப்பது மூட்டைக்குள் இருக்கும் கருவிகளின் வேலை, கர்னலுக்கு அது தெரியாது. கர்னலுக்கு நேரடியாகத் தெரிந்தது பார்ட்யுயுஐடி, டிஸ்கின் பகுதிகளைப் பட்டியலிடும் அட்டவணையில் இருப்பது. எல்லா டிரைவரும் உள்ளே இருந்தும் (0,0) வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பலர் விழுந்த குழி இதுதான்.

வேறு சில விபத்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூட்டையை இசட்எஸ்டிடி-யில் சுருக்கிவிட்டு அதை விரிக்கும் வசதியை கர்னலில் சேர்க்காமல் விட்டால் மூட்டை அவிழாது, அதே பேனிக்தான் வரும், ஆனால் சில வரிகள் மேலே "இனிட்ராம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்ட்" என்று சொல்லியிருக்கும். "நோ வொர்க்கிங் இனிட் ஃபவுண்ட்" என்றால் ரூட் கிடைத்துவிட்டது, ஓட்ட நிரல் கிடைக்கவில்லை. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமிடாத கர்னலை கிரப் ஏற்றவே மறுக்கும். முழுக் கறுப்புத் திரை என்றால் பல நேரம் கர்னல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், திரை டிரைவர்தான் இருக்காது, வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் செய்து பாருங்கள். நான் ஒருமுறை லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டினேன். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் நீக்கும் வழி அது. யுஎஸ்பி விசைப்பலகையை அன்றைக்கு நான் செருகியே இருக்கவில்லை. புதுக் கர்னல் அழகாக எழுந்து டிஸ்கின் கடவுச்சொல்லைக் கேட்டது, தட்டுவதற்குத்தான் வழியில்லை.

இந்த மாதிரி நேரத்தில் இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் மந்திரங்கள். நோமோட்செட் போடு, ஏசிபிஐ-ஐ அணை, எதுவும் நடக்காவிட்டால் முழுதாக மறுபடி நிறுவு. எதற்கு என்று சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது, ஒருவருக்குப் பலித்ததை இன்னொருவர் தாயத்து மாதிரிக் கட்டிக்கொள்கிறார். கணினிக்காரர்களுக்கு மூடநம்பிக்கை இல்லை என்று யார் சொன்னது? அதைவிட கிரப் மெனுவில் இ-ஐத் தட்டி, "குவையட்" என்ற சொல்லை நீக்கிவிட்டு, கடைசி வரியைவிட அதற்கு மேலே உள்ள இருபது வரிகளை வாசிப்பது மேல். வரிகள் பறந்துபோனால் கியூஇஎம்யு என்ற மெய்நிகர் கணினியில் அதே கர்னலைக் கொடுத்து ஓட்டி, சீரியல் கன்சோலில் நிதானமாகப் படிக்கலாம். 6.12 கர்னலிலிருந்து பேனிக் செய்தியையே கியூஆர் குறியீடாகத் திரையில் காட்டும் வசதியும் வந்திருக்கிறது, கைபேசியில் பிடித்துக்கொள்ளலாம்.

இதையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த மூட்டைகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் கருவிகளில் ஒன்று எக்ஸ்இசட். 2024 மார்ச்சில் அதன் வெளியீடுகளுக்குள் யாரோ பின்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. உலகமே நம்பியிருந்த அந்தக் கருவியைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர் சம்பளமில்லாத ஒரே ஒரு தன்னார்வலர், அவருக்கு உதவுகிறேன் என்று வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஆள்தான் அதை வைத்தது. இதன் மேல் கோடிகோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மாதச் சம்பளமாவது கொடுத்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

நேற்று அந்த வாசகர் மறுபடி எழுதியிருந்தார். என்விஎம்இ டிரைவருக்கு ஒய் போட்டு, ரூட்டுக்குப் பார்ட்யுயுஐடி கொடுத்துப் பார்த்தாராம், இன்னும் பேனிக்தான், ஆனால் இப்போது அன்நோன்-பிளாக்(259,2) என்று வருகிறது, அதற்கு மேலே கர்னலுக்குத் தெரிந்த கோப்பமைப்புகளின் பட்டியலும் வருகிறது, அதில் அவருடைய ரூட்டின் கோப்பமைப்பான எக்ஸ்ட்4 இல்லை.