பிரிந்து நிற்கும் மாட்டை அடிக்காதீர்கள்

மாட்டு வைத்தியராக இந்த மாதத்தில் நான் பார்க்கும் இப்படியான மூன்றாவது மாடு இது. திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் அறுவடை முடிந்த வயல். பட்டி முழுவதும் ஒரே பக்கம் முகம் வைத்து மேய்கிறது. ஒரு செவலைப் பசு மட்டும் தூரத்துப் பற்றையோரம் வாலைத் தூக்கியபடி நிற்கிறது. முதல்நாள் மத்தியானமே விலகிவிட்டதாம். பட்டிக்காரர் இரண்டு தரம் அடித்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

"அது கள்ள மாடு டொக்டர், விட்டா அடுத்தவன்ர தோட்டத்துக்க நிக்கும்."

முதுகில் தடிப்புகள். கையை உள்ளே விட்டேன், கன்றின் வால் தட்டுப்பட்டது. இப்படிப் பின்பக்கமாக வரும் கன்றுக்குப் பெரும்பாலும் குளம்பு வெளியே தெரியாது, தாய் பெரிதாக முக்கவும் மாட்டாது. விலகி நின்றதும் தூக்கிய வாலும்தான் அடையாளம். கன்று செத்திருந்தது. தாயைக் காப்பாற்றினோம்.

மாடுகள் ஒட்டி நின்றால்தான் நல்ல பட்டி என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! மேயும் மாட்டுக்குத் தன் தலையைச் சுற்றி இடம் வேண்டும். கொம்பு வலுத்த மாடு அருகில் வந்தால் எளிய மாடு மேய்ச்சலை விட்டு நகரும். தடியோடும் மோட்டார் சைக்கிளோடும் நெருக்கிவிட்டால் அது கொம்பைப் பார்த்துக்கொண்டே நிற்கும், புல் இருந்தும் வயிறு ஒட்டிப்போகும். புல் குறையக் குறைய மாடுகள் இன்னும் பரவும். பரவட்டும், விடுங்கள். பெரும்போகத்தில் பயிருக்குப் பயந்து காட்டோரம் நெருக்கி வைக்கிறீர்கள், அது சரி. அறுவடைக்குப் பிறகும் ஏன்?

பரவினாலும் அதற்குள் ஒழுங்கு உண்டு. தாயும் மகளும், கன்றாக ஒன்றாய் வளர்ந்தவையும் பக்கத்தில் பக்கத்தில் மேயும். எது எதோடு நிற்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? சோடியை விட்டு ஒன்று தனியே நின்றால் கிட்டப் போய்ப் பாருங்கள். கன்று போடப் போகலாம், காய்ச்சலாக இருக்கலாம், காலில் ஆணி ஏறியிருக்கலாம். பரவி மேய்ந்த மாடுகள் திடீரென்று நெருங்கினாலும் பாருங்கள்: கடிக்கிற ஈயோ, நாயோ, கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்து வெயிலோ.

அப்புறம், பற்றைக்குள் தனியே படுத்திருக்கும் பிறந்த கன்றைத் தூக்கி வராதீர்கள். தாய்தான் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும்.

பனிக்குடம் கண்டு இரண்டு மணித்தியாலத்தில் கன்று வராவிட்டால் உடனே கூப்பிடுங்கள். இழுத்துப் பார்க்க வேண்டாம், விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம். இரவென்றாலும் வருகிறேன்.