அதே ராகி, ஒரு மாதம் இறங்குகிறது, மறு மாதம் அடைக்கிறது

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போய்விட்டது. சில மாதங்களாக மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூபில்தான் சாப்பாடு. வீட்டிலேயே ராகியை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி வைக்கிறார். "புரட்டாசி வரைக்கும் நல்லா இறங்குச்சு. ஐப்பசி பிறந்ததிலிருந்து அதே ராகி, அதே அளவு, டியூப் அடைச்சுக்குது. தண்ணி ஊத்தி ஊத்தி இறக்கினா மாமா இளைச்சுட்டே போறார். நான் என்ன தப்புப் பண்றேன்?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். ராகியை எப்படிக் காயவைக்கிறீர்கள்? பதில் உடனே வந்தது. மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் வெயிலில். இப்போது மழையும் மூட்டமுமாக வெயிலே கிடையாது, அதனால் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துவிடுகிறார்.

அவர் கேள்விக்கான விடை அந்த வாணலியில் இருக்கிறது.

முதலில் டியூபைப் பார்த்துவிடுவோம். பெரியவர்களுக்குப் பொதுவாகப் போடும் 14 ஆம் எண் டியூபின் வெளி விட்டம் சுமார் 4.7 மி.மீ. உள்துவாரம் இன்னும் குறுகல். குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓடும் திரவத்தின் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பதை 19 ஆம் நூற்றாண்டிலேயே புவசோய் என்ற பிரெஞ்சு மருத்துவர் அளந்து காட்டினார். டியூபின் அகலத்தை நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது கஞ்சியின் கெட்டித்தன்மை மட்டும்.

சரி, தண்ணீர் சேர்த்தால் என்ன? 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 320, 330 கலோரி. அதை ஒரு லிட்டர் கஞ்சியாக்கினாலே டியூபில் திணறும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 1250 முதல் 1500 கலோரி வேண்டும். அந்தக் கஞ்சியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நாலு லிட்டர் ஊற்ற வேண்டும். எந்த வயிறும் தாங்காது. இன்னும் தண்ணீர் சேர்த்தால் வயிறு நிறையும், உடம்பு வற்றும். அவருடைய மாமனாருக்கு நடந்தது இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கஞ்சி ஏன் கெட்டியாகிறது? ராகி மாவில் மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக இறுகிக் கிடக்கிறது. தண்ணீரில் சூடேறி 65, 70 டிகிரி வந்ததும் ஒவ்வொரு மணியும் தண்ணீரைக் குடித்துப் பலமடங்கு உப்புகிறது. உள்ளே இருக்கும் நீளமான, கிளைவிட்ட குளுக்கோஸ் சங்கிலிகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆறினால் பிடி இன்னும் இறுகும். மார்கழிக் குளிரில் டம்ளரில் வைத்த கஞ்சி ஐந்தே நிமிடத்தில் ஏடு கட்டி உறைவதை மலையில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறோம்.

இப்போது முளைகட்டிய ராகி. ஈரம் பட்டதும் விதைக்குள் இருக்கும் கரு விழித்து ஜிபெரெலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. மாவைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்கு அந்தச் சேதியை வாங்கி, ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்க ஆரம்பிக்கிறது. குட்டிச் செடிக்கு இன்னும் இலை இல்லை, வேர் இல்லை. கட்டுச்சோறாகத் தாய்ச்செடி கொடுத்துவிட்ட மாவுச்சத்தை உடைத்துத்தான் அது சாப்பிட வேண்டும். அதற்கான நொதி இது. 1833 இல் பாயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைவிட்ட பார்லியிலிருந்து பிரித்தெடுத்ததும் இந்த வேலையைச் செய்யும் சரக்குதான். மனிதர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதி அதுவே.

அது எப்படி வெட்டுகிறது என்பதில்தான் அழகு. நம் ஊர்த் தேயிலைத் தோட்டத்தை வைத்தே சொல்லலாம். தோட்டம் முழுக்கக் கொழுந்து கிள்ளி முடித்த பிறகும் செடி அதே அடர்த்தியில்தான் இருக்கும், ஊடே புகுந்து நடக்க முடியாது. கவாத்து வெட்டினால்? செடிக்குச் சில வெட்டுதான், தோட்டமே திறந்துவிடும். பீட்டா அமைலேஸ் என்ற இன்னொரு நொதி கொழுந்து கிள்ளுவதைப் போல நுனியில் நறுக்கிக்கொண்டே வரும். ஆல்ஃபா அமைலேஸ் கவாத்துக்காரர். சங்கிலியின் நடுவில் கைக்கெட்டிய இடத்தில் போடும். ஒரு சங்கிலிக்குச் சில வெட்டு விழுந்தாலே பின்னல் அத்தனையும் தளர்ந்து, கரண்டி நின்ற கஞ்சி சில நிமிடங்களில் பால்போல ஓடும். இதில் மாவு குறையவில்லை, தண்ணீர் கூடவில்லை, கலோரியும் அப்படியே இருக்கிறது. அதனால் லிட்டருக்கு 200 கிராம் மாவு போட்டும் டியூபில் இறக்க முடிகிறது.

இதை நீங்களும் வீட்டில் பார்த்திருப்பீர்கள். குழந்தை பாதி சாப்பிட்டு வைத்த கஞ்சி அரைமணி கழித்துத் தண்ணீராகப் பிரிந்து கிடக்கும். "எச்சில் பட்டா நீர்த்துப்போகும்" என்று பாட்டி சொன்னது சரியான கவனிப்பு. நம் உமிழ்நீரிலும் அமைலேஸ் இருக்கிறது. டியூபில் சாப்பிடுகிறவருக்கு உணவு வாயைத் தொடாமலே போகிறது. வாய் செய்யும் வேலையில் ஒரு பங்கை முளைவிட்ட விதை அடுப்படியிலேயே செய்து கொடுக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

ஆனால் நொதி என்பது புரதம். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் திரும்பப் பழையபடி ஆகுமா? அதேபோலத்தான் இதுவும். 60, 65 டிகிரியில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 80 தாண்டினால் உருக்குலைந்துவிடும். வாணலியில் வாசம் வரும் சூடு அதற்கெல்லாம் மிக மேலே. வறுத்த மாவில் ருசி உண்டு, கலோரி உண்டு, நொதி மட்டும் செத்துவிட்டது. வெயிலில் காய்ந்த மாவையே நேராகக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினாலும் இதே கதி.

அதனால் அவருக்கு எழுதியது இது. வறுத்த மாவிலேயே கஞ்சி வைத்து நன்றாக வேகவிடுங்கள். இறக்கி, 65 டிகிரி வாக்கில் ஆறியதும், வறுத்த மாவு 100 கிராமுக்கு வறுக்காத முளைராகி மாவு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் தூவிப் பத்து நிமிடம் கிளறுங்கள். இளகியதும் மறுபடி சில நிமிடம் கொதிக்க வையுங்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நொதியை நிறுத்த அது போதும். இந்த இரண்டாவது கொதியைத் தவிர்க்கவே கூடாது. முளைகட்டும் ஈரத்தில் கிருமிகளும் சேர்ந்தே வளர்ந்திருக்கும். மேலும் நொதியை விட்டுவைத்தால் சங்கிலிகள் துண்டு துண்டாகிச் சர்க்கரையாகிக்கொண்டே போகும், வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம். டியூபின் நுனி இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் இருப்பவர்களுக்கு வீட்டில் அரைத்த உணவு ஆகாது.

ராகி மட்டும் போதாது என்பதும் தெரிந்ததுதான். பாசிப்பருப்பு, வேகவைத்த முட்டை, பால், நம் ஊர் கேரட் எல்லாம் குழைய வெந்து, மிக்ஸியில் அரைபட்டு, டீ வடிகட்டியைவிட நைசான துணியில் வடிய வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரிக்கு மேல் தரும், கஞ்சியைக் கெட்டியாக்காது. எது எவ்வளவு என்பதை ஒரு டயட்டீஷியன் எழுதித் தரட்டும். ஊற்றும் முன்னும் பின்னும் டியூபில் தண்ணீர் விட வேண்டும்.

மலைக்காரர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு, குன்னூரில் என் அம்மாவுக்கு டியூப் இருந்த ஏழு மாதத்தில் நானும் செய்திருக்கிறேன். "இந்தக் குளிரே பிரிட்ஜ்தானே" என்று கஞ்சியைச் சமையல் மேடையில் விட்டுவிடுவது. பிரிட்ஜ் என்றால் 5 டிகிரிக்குக் கீழே. நம் சமையலறையின் 16, 18 டிகிரி கிருமிகளுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைக் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், "ராகி குளிர்ச்சி, படுத்திருக்கிறவங்களுக்குச் சளி கட்டும்" என்று அவருக்கும் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். நீலகிரிக் குளிரில் தலைமுறை தலைமுறையாக ராகி ஹிட்டு சாப்பிட்டவர்களின் வீட்டிலேயே இதைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. டியூப் போட்டவருக்கு நெஞ்சில் கரகரப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, மட்டமாகப் படுக்கவைத்து ஊற்றினோமா என்பதை. தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்து ஒரு மணி நேரமாவது அப்படியே. இரைப்பையிலிருந்து மேலேறி நுரையீரலுக்குள் போகும் உணவுதான் ஆபத்து, ராகி அல்ல.

முளைத்தானியம் கஞ்சியை இளக்குவதை 1980களில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும், பரோடாவில் தாரா கோபால்தாஸும் குழந்தைகளின் இணை உணவுக்காக ஆராய்ந்தார்கள். நம் நாட்டு அறிவியலில் நான் பெருமைப்படும் வேலை அது. அதே அறிவு வீட்டில் டியூபோடு படுத்திருக்கும் முதியவர்களையும் வந்தடைய வேண்டும். வீட்டுக் கஞ்சியின் கெட்டித்தன்மையையும் கிருமி அளவையும் அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அதற்குப் பணம் ஒதுக்குவது செலவே அல்ல என்பது என் உறுதியான கருத்து. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வரும் செவிலியர்கள் கையில் இந்த ஒரு செய்முறை இருந்தால் எத்தனை டியூப் அடைப்புகள் தவிரும்!

வாசகி போன வாரம் மறுபடி எழுதினார். முளைராகியை அடுப்புக்கு மேல் பரணில் முறத்தில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டில் காயவைத்திருக்கிறார். ஈரமாக இருக்கும்போது தாங்காத சூட்டைக்கூட உலர உலர நொதி தாங்கும், ஆகவே அது நல்ல வழி. பூஞ்சணம் பிடித்த வாடை லேசாக வந்தாலும் அந்த ஈட்டைத் தூக்கி எறிந்துவிடச் சொன்னேன். கஞ்சி இறங்குகிறதாம். முளையில் நீட்டியிருக்கும் வேரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். காய்ந்ததும் உள்ளங்கையில் தேய்த்துப் புடைத்துவிடுங்கள். அது கசக்கும், நார் டியூபில் போய்ச் சிக்கும்.