நேரமில்லா நேரம்: எந்த நேரம்?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது நாலு செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்றில் ‘பூஜ்ய நேரத்தில் எம்.பி. கோரிக்கை’ என்று இருக்கும், அடுத்ததில் ‘உடனடிக் கேள்வி நேரம்’. சட்டமன்றச் செய்தி என்றால் ‘நேரமில்லா நேரம்’. டி.வி.க்காரர்கள் ‘ஜீரோ ஹவர்’ என்றே சொல்லிவிடுவார்கள். சிலர் அதை ‘ஜீரோ அவர்’ என்று எழுத, யாரோ ஒரு பூஜ்யத்துக்கு மரியாதை கொடுத்த மாதிரி இருக்கும்! எல்லாம் ஒன்றுதான்.

முதலில் பொருள். மக்களவை காலை 11 மணிக்குக் கூடும். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம்: அமைச்சர்கள் பதில் சொல்லியாக வேண்டும். 12 மணிக்கு அது முடிந்து, ஆவணங்களை அவையின் மேஜையில் வைத்த பிறகு, மசோதா, விவாதம் போன்ற பட்டியலிட்ட அலுவல்களுக்குப் போவதற்கு முன் ஓர் இடைவெளி வரும். அவசரமான பொதுப் பிரச்சினையை உறுப்பினர் எழுந்து சொல்வது அப்போதுதான். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர்களை மீட்க வேண்டும், எங்கள் ஊர் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று நாட்டுப் பிரச்சினையும் தொகுதிப் பிரச்சினையும் அடுத்தடுத்து வரும். ஓர் உறுப்பினர் சொன்னதோடு மற்றவர்கள் உடன்பட்டால் அவர்கள் பெயரும் பதிவாகும்.

இந்த வழக்கம் 1960களின் தொடக்கத்தில் நம் நாடாளுமன்றத்தில் உருவானது. பிரிட்டனிடமிருந்து எத்தனையோ நடைமுறைகளை வாங்கினோம், இது அங்கிருந்து வந்ததல்ல. அவையின் நடைமுறை விதிகளைப் புரட்டினாலும் இந்தப் பெயர் கிடைக்காது. கேள்வி நேரம் முடிந்த கையோடு உறுப்பினர்கள் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார்கள், அதுவே பழக்கமாகிவிட்டது. பெயர் வைத்தது பத்திரிகைகள் என்பார்கள். தொடக்கத்தில் ஒரே கூச்சல்தான். 1989 முதல் 1991 வரை சபாநாயகராக இருந்த ரபி ராய் இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவரப் பார்த்தார். இப்போது முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நிறையப் பேர் கொடுத்தால் குலுக்கல். மாநிலங்களவையில் ஒருவருக்கு மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் மைக் அணைந்துவிடும். பாதி வாக்கியத்தில் குரல் அறுந்து வாய் மட்டும் அசைவதை நேரலையில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் சபாநாயகர் மனது வைத்தால் இந்த ‘நேரம்’ மணிக்கணக்கில் நீளும். 2025 ஏப்ரல் 3 அன்று மக்களவையில் ஒரே நாளில் 202 பேர் பேசினார்கள். ஆகவே ஜீரோ என்பது நேரத்தின் அளவைச் சொல்லவில்லை.

அப்படியென்றால் ஏன் ஜீரோ? ஆங்கிலத்தில் இது பட்டாளத்துச் சொல். முதல் உலகப் போரில் தாக்குதல் தொடங்கக் குறித்த வேளையை இப்படிச் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து முன்னும் பின்னுமாகக் கணக்குப் போடுவார்கள். நம் அவையில் பகல் 12 மணி அப்படியொரு எல்லைக்கோடாக இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் வேடிக்கை, 2014இல் மாநிலங்களவை கேள்வி நேரத்தைப் பகல் 12 மணிக்கு மாற்றியது. அதனால் அங்கே ஜீரோ காலை 11 மணிக்கு வந்துவிட்டது. கோடு நகர்ந்தது, பெயர் நகரவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பூஜ்ய நேரம்’ நேர் மொழிபெயர்ப்பு. பூஜ்யம் என்றால் வடமொழியில் வணங்கத்தக்கது. ஒன்றுமில்லாததற்கு அந்தச் சொல் நம் பக்கம் எப்படி வந்தது என்பது தனிக்கதை. வடமொழியில் எண்ணுக்குப் பெயர் சூன்யம். அதை அரபியர் ‘சிஃப்ர்’ என்று ஆக்க, அதிலிருந்து பிறந்தவை நாம் சொல்லும் சைபர், ஜீரோ இரண்டுமே. பூஜ்யத்தை எடுத்துவிட்டு ‘சுழிய நேரம்’ என்று போட்டால் தூய தமிழ்தான், ஆனால் குழப்பம் போகாது. கேட்பவர் ஒன்றும் நடக்காத நேரம் என்றுதான் நினைப்பார். (சில நாள் அதுவும் உண்மைதான், விடுங்கள்.)

‘உடனடிக் கேள்வி நேரம்’ எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. இங்கே உறுப்பினர் கேள்வி கேட்பதில்லை, பிரச்சினையை எழுப்புகிறார். அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘விதி 377’ஐயும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. அது பிரச்சினையை எழுப்ப மக்களவை விதிப் புத்தகத்தில் உள்ள தனி ஏற்பாடு, எழுதிக் கொடுத்ததை மட்டுமே படிக்கலாம்.

மிஞ்சுவது ‘நேரமில்லா நேரம்’. ஜீரோவைத் தூக்கிப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொல்கிறது இந்தச் சொல்: அவையின் பட்டியலில் நேரம் ஒதுக்கப்படாத நேரம். ‘இல்லாத’ என்பதன் கடைசி எழுத்து விழுந்து ‘இல்லா’ ஆனது. இலக்கண வாத்தியார் இதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார். இதே அச்சில் வீட்டில் ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு வண்டிச் சாவியை எடுத்தால் “நேரங்கெட்ட நேரத்துல எங்கடா கிளம்பிட்ட?” என்று அம்மா கேட்பாரே, அதுதான். காதுக்குப் பழகிய தாளம் என்பதால்தான் இந்த ஆக்கம் நிலைத்தது என்பது என் கணிப்பு. ‘யாருக்கும் நேரமே இல்லாத நேரம்’ என்று தப்பாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு; மக்களவைச் செய்தியில் ‘கேள்வி நேரம் முடிந்ததும்’ என்றும், மாநிலங்களவைச் செய்தியில் ‘கேள்வி நேரத்துக்கு முன்’ என்றும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் போதும்.

இன்னொன்று, வினைச்சொல். ‘நேரமில்லா நேரத்தில் கேள்வி கேட்டார்’ என்று எழுதாதீர்கள். எழுப்பினார், வலியுறுத்தினார், கோரினார், எது வேண்டுமானாலும் போடலாம். அவர் தமிழிலேயே பேசியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். மக்களவைப் பதிவேட்டில் அந்தப் பேச்சு ஆங்கில மொழிபெயர்ப்பாக ஏறி, தமிழில் பேசப்பட்டது என்ற குறிப்பு மட்டும் ஓரமாக நிற்கும்.