நல்ல நீச்சல்காரர்தான், ஆனால் தண்ணீர் 11 டிகிரி

குளிர்ந்த கடலில் சிக்கி என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். “நல்லா நீச்சல் தெரிஞ்சவன், டாக்டர்” என்று கூட வந்த நண்பர் நாலு தடவை சொல்லிவிட்டார். தெரியும். முன்னால் வந்த இருவருக்கும்கூட நீச்சல் நன்றாகவே தெரியும்.

கரையில் ஆளே இல்லை, அலை மொத்தமும் நமக்குத்தான் என்று சர்ஃபிங் பலகையோடு இறங்கியிருக்கிறார். தண்ணீர் 11 டிகிரி. உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் போட்டிருந்தார், ஆனால் வெயில் காலத்துக்கான மெல்லியது. காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் இல்லை. முதல் அலையிலேயே பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தூண்டில் போட வந்த ஒருவர் கண்ணில் பட்டதால் பிழைத்தார்.

“குளிர் ஆளைச் சாய்க்க அரை மணி நேரமாவது ஆகுமே, அதற்குள் வெளியே வந்துவிடலாம்.” இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போக அவ்வளவு நேரம் ஆகும் என்பது சரி. ஆனால் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே! 15 டிகிரிக்குக் கீழுள்ள நீரில் சட்டென்று விழுந்தால், உங்களைக் கேட்காமலே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நொடியில் முகத்தின் மேல் அலை இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். அப்புறம் அடக்க முடியாத மூச்சிரைப்பு; ரத்த அழுத்தம் எகிறும். நீச்சல் பதக்கம் வைத்திருப்பவருக்கும் இதேதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு தணியும். அதுவரை நீந்தாதீர்கள். பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை மேலே வைத்து மிதந்திருங்கள்.

குளிர் உடம்பை என்ன செய்யும் என்று ஆராயும் கனடாவின் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ‘1-10-1’ என்ற கணக்கு ஒன்று உண்டு. மிகக் குளிர்ந்த நீரில் மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். நம்மவர்கள் கடைசி எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளி. பெரும்பாலும் அதுதான் ரிப் கரண்ட். கரையிலிருந்து கடலுக்குள் ஓடும் இந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுக்காது, கடலுக்குள் கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கையால் துழாவாமல், கரைக்கு இணையாக விலகுங்கள். மணல் திட்டு இடம் மாறும் கடற்கரையில் போன வாரம் பார்த்த இடைவெளி இந்த வாரம் அங்கே இருக்காது. இறங்குமுன் கால் மணி நேரம் நின்று கவனியுங்கள்.

10 டிகிரி அளவு நீருக்கு வெட்சூட் 5 மில்லிமீட்டர் தடிமனாவது வேண்டும். தலைமூடி, கையுறை, காலணியும் வேண்டும். தொளதொளவென்று இருக்கும் வெட்சூட்டில் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும், பயனில்லை. (பல வருடம் குளிர்கடலில் கிடந்தவரைக் காதுக்குள் பார்த்தே சொல்லிவிடலாம், துளையில் எலும்பு வளர்ந்து நிற்கும். தலைமூடி சும்மா இல்லை.) லீஷ் இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள். தனியாகவும் வேண்டாம், தயவுசெய்து. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவருக்காவது தெரியட்டும். விரல்கள் சேர மறுத்தால் அத்தோடு போதும், வெளியே வாருங்கள்.

தண்ணீர் மூச்சில் போய் இருமல் நிற்கவில்லையென்றால் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். மற்றவர்கள் காற்றுக்கு ஒதுங்கி, ஈர உடையைக் கழற்றிப் போர்த்திக்கொள்ளுங்கள். சூடேற்ற மது வேண்டாம். கரையேறிய பிறகும் உள்வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சட்டைப் பொத்தானை நீங்களே போட முடிகிற வரை கார் சாவியைத் தொடாதீர்கள்.