நாடா ஓடி முடியட்டும்

ஏற்காட்டுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். சேலத்தில் நர்சிங் படிக்கிறாராம். "எல்லா ஈசிஜியும் எனக்கு ஒரே மலைத்தொடராகத்தான் தெரிகிறது. எங்கள் மேடம் மட்டும் ஒரு பார்வையில் பெயர் சொல்லிவிடுகிறார். அப்படி எதைத்தான் பார்க்கிறார்?"

மலைகளை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் சமவெளியைப் பார்க்கிறார்.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடுவோம். தாள் நொடிக்கு 25 மி.மீ. நகர்கிறது. ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டம், அதாவது 0.2 நொடி. முதலில் வரும் சிறு மேடு 'பி': இதயத்தின் மேலறைகளில் மின் அலை பரவுகிறது. கூரான கோபுரம் 'க்யூஆர்எஸ்': கீழறைகளின் முறை. அப்புறம் வரும் 'டி', கீழறைகள் பழைய நிலைக்குத் திரும்புவது. துடிப்பு சீராக இருந்தால், இரண்டு கோபுரங்களுக்கு நடுவிலுள்ள பெரிய கட்டங்களை எண்ணி 300ஐ அதால் வகுக்கலாம். நான்கு கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75.

சரி, இனி எனக்குப் பிடித்த இடம். பி தொடங்கியதிலிருந்து கோபுரம் தொடங்கும்வரை மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் ஆகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே விரற்கடை தூரம்கூட இல்லையே, ஏன் இத்தனை நேரம்? வழியில் ஏவி கணு என்ற சின்னத் திசுத் திரள் மின் அலையை மறித்து, மெதுவாகத்தான் விடுகிறது.

நான் அம்மாபேட்டைத் தறி வீட்டில் வளர்ந்தவன். மிதித்தால் பாவு என்ற நீள நூல்கள் விரியும், குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா குறுக்கே ஓடும், பிறகுதான் பண்ணை என்ற சீப்புச் சட்டத்தை இழுத்து அடிக்க வேண்டும். நாடா பாதி வழியில் இருக்கும்போதே அடித்துவிட்டால் பாவு நூல் கொத்தாக அறுந்துபோகும். இதயத்திலும் அதே வரிசைதான். மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்கும்வரை கீழறை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் தாளில் தட்டைக் கோடாக விழுகிறது.

ஏவி கணுவுக்குக் களைப்பும் உண்டு. மற்ற இதயத் தசைகளில் சோடியம் அயனிகள் சட்டென்று பாய்ந்து மின் அலையைக் கிளப்பும். இங்கே அந்த வேலையைச் செய்வது நிதானமான கால்சியம். ஒரு அலையை அனுப்பிய பிறகு தேறிக்கொள்ளவும் இதற்கு நேரம் வேண்டும். முழுதாகத் தேறுமுன் அடுத்தது வந்தால் இன்னும் மெதுவாக விடும். அதற்கடுத்ததை இன்னும் மெதுவாக. கடைசியில் ஒன்றை விடவே விடாது. பி இருக்கும், கோபுரம் இருக்காது. அந்த ஓய்வில் தேறிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இதற்கு வெங்கபாக் என்று பெயர். கட்டம் எண்ணிப் பாருங்கள். பி-க்கும் பி-க்கும் எப்போதும் 20 சின்னக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். பி-யிலிருந்து கோபுரத்துக்கு முதலில் 4, பிறகு 6, பிறகு 7, அப்புறம் கோபுரமே இல்லை. இப்போது கோபுரங்களுக்கு நடுவே அளந்தால் 22, 21, பிறகு 37 வருகிறது. தாமதம் கூடிக்கொண்டே போகிறது, கோபுரங்களோ நெருங்கிக்கொண்டே வருகின்றன! கூடும் அளவு குறைந்துகொண்டே போவதால் வந்த வேடிக்கை இது. முதல் தடவை எண்ணியபோது தப்பாக எண்ணிவிட்டேன் என்றே நினைத்தேன்.

வெங்கபாக் என்ற டச்சு மருத்துவர் 1899இல் இதைக் கண்டுபிடித்தபோது ஈசிஜி கருவியே புழக்கத்தில் இல்லை. நாடித் துடிப்பின் பதிவை அளந்தே கணக்குப் போட்டார். ஏவி கணுவை ஜப்பானியரான சுனாவோ தவாரா, ஜெர்மனியில் இதயங்களைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தது 1906இல். இன்றைக்கு அவர் நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தால், 'உடனடிப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருப்பாரோ!

நன்றாக ஓடியாடும் இளைஞர்களுக்குத் தூக்கத்தில் வெங்கபாக் வருவதுண்டு, பெரும்பாலும் பயமில்லை. தாமதம் கூடாமலே திடீரென்று கோபுரம் காணாமல் போனால்தான் கவலை. கோளாறு பெரும்பாலும் கணுவுக்குக் கீழே இருக்கும், ஆள் மயங்கி விழலாம், பேஸ்மேக்கர் வரை போகலாம். இப்படி மயங்கி விழுகிறவர்களைக் காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போவதை இன்னும் பார்க்கிறேன். மந்திரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

படிக்கிறவருக்கு ஒரு யுக்தி. ஒரு துண்டுத் தாளின் ஓரத்தை ஈசிஜி பட்டையின்மேல் வைத்து, அடுத்தடுத்த பி-க்களுக்கு நேராகப் பென்சிலால் கோடு போடுங்கள். தாளை அப்படியே நகர்த்துங்கள். டி-க்குள் ஒளிந்திருக்கும் பி-கூட அகப்பட்டுவிடும்.

பட்டையை மட்டும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது சூட்டில் அச்சாகும் தாள். என் பெரியப்பா தன் ஈசிஜியைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வந்தார். கட்டம் எண்ணலாம் என்று ஆசையாக வாங்கிப் பார்த்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கருகருவென்று பளபளத்தது.