பழைய கிராபிக்ஸ் கார்டை நம் ஊர் வெயிலில் சோதிக்க வேண்டும்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருவின் கணினி உதிரிபாகச் சந்தையான எஸ்.பி. ரோடு ஒரு நாளில் போய்வரும் தூரத்தில் இருப்பதால், இங்குள்ள இளைஞர்கள் பலர் பயன்படுத்திய கிராபிக்ஸ் கார்டுகளை (கேமின் காட்சிகளைத் திரைக்கு வரைந்து தரும் கணினிப் பாகம்) அங்கிருந்தே வாங்கி வருகிறார்கள். ஐந்து நிமிடம் ஒரு கேமை ஓட்டிக் காட்டியதும் பணத்தைக் கொடுத்துவிட்டு, சித்திரை பிறந்ததும் "கேம் பாதியிலேயே தடுமாறுது சார்" என்று என் மேசைக்கு அதே கார்டைக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் கார்டில் பழுதே இருப்பதில்லை. அதைச் சோதித்த முறைதான் போதவில்லை.

கார்டின் கூலர் (வெப்பத்தை அகற்றும் தகடுகளும் விசிறியும்), அறை வெப்பத்தைவிடச் சிப் எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்பதை மட்டுமே நிர்ணயிக்கிறது. 24 டிகிரி ஏசி அறையில் 70 டிகிரி காட்டிய கார்டு, அதே சுமையிலும் அதே விசிறி வேகத்திலும், தர்மபுரியின் 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 84-ஐத் தொடும். பல என்விடியா கார்டுகளில் நிறுவனம் வைத்தனுப்பும் வெப்ப இலக்கு 83 டிகிரி என்பதால், அதை எட்டியதும் கார்டு தன் கிளாக் வேகத்தை (சிப் இயங்கும் வேகம்) தானே குறைத்துக்கொள்ளும். பர்கூர், ஜெகதேவி பக்கமிருந்து வரும் கார்டுகளில் ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே கிரானைட் தூசு வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்கிறேன். ஊதிச் சுத்தம் செய்து, சிப்பின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றாமல் அவற்றைச் சோதிப்பதில் பொருளில்லை.

வாங்கும் இடத்திலேயே கார்டின் விவரங்களைக் காட்டும் ஜி.பி.யூ.-இசட் மென்பொருளைத் திறந்து, சிப்பின் பெயரும் ஷேடர் (சிப்பிலுள்ள சிறு கணக்கீட்டு அலகு) எண்ணிக்கையும் நினைவகமும் பெட்டியில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 3060 12 ஜி.பி. என்றால் 3584 ஷேடர்கள் இருக்க வேண்டும். பழைய சிப்பில் பயாஸை (கார்டின் உள்மென்பொருள்) மாற்றியெழுதிப் புதிய பெயரில் விற்கும் போலிகள் இதில் பிடிபடும். எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று, கார்டுகளைக் கொண்டு கணக்கிட்டு நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டபின் சந்தைக்கு வந்த மைனிங் கார்டுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவற்றில் முதலில் தேய்வது பெரும்பாலும் சிப் அன்று, விசிறியின் பேரிங்கும் வெப்பம் கடத்தும் தெர்மல் பேடும்தான்.

கேம் சோதனையில் சராசரி எஃப்.பி.எஸ். (ஒரு வினாடிக்கு வரும் சட்டகங்கள், அதாவது படங்கள்) ஏமாற்றும். 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒவ்வொரு சட்டகமும் 16.7 மில்லிவினாடியில் வர வேண்டும். இடையில் ஒன்று 50 மில்லிவினாடி எடுத்தால் சராசரி அசையாது, கண்ணுக்கோ அது உடனே தெரியும். ஆகவே மிக மெதுவான ஒரு சதவீதச் சட்டகங்களின் வேகத்தைக் காட்டும் 'ஒரு சதவீதத் தாழ்வு' என்னும் அளவையும் குறித்து, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, குறைந்தது அரை மணி நேரத்துக்குப் பின் வரும் எண்களையே கணக்கில் எடுக்க வேண்டும். 3டி மார்க் என்னும் சோதனை மென்பொருளின் அழுத்தச் சோதனை 20 சுற்று ஓடி, சுற்றுகளுக்கிடையே எஃப்.பி.எஸ்.-இல் 97 சதவீத நிலைத்தன்மை இருந்தால்தான் தேர்ச்சி தருகிறது.

ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, விரும்புவோர் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் (சிப்) வேகத்தைப் பதினைந்து பதினைந்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றலாம். நினைவக வேகத்தில்தான் ஒரு பொறி உண்டு. ஜி.டி.டி.ஆர்.6 வகை நினைவகங்களில் பிழை கண்டறிந்து தரவை மீண்டும் அனுப்பும் ஏற்பாடு இருப்பதால், எல்லையைத் தாண்டினாலும் திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றாமல், சோதனை மதிப்பெண் மட்டும் மெல்ல இறங்கும். கேம் நின்றுபோகவில்லையே என்று மகிழ்ந்து மேலும் ஏற்றுபவர், உண்மையில் வேகத்தை இழந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணைப் பார்த்து, அது ஏறாமல் நிற்கும் இடத்திலிருந்து சற்றுக் கீழே இறங்கிவிடுவதே முறை.

இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள்தான் அடங்கும். கோடையில் நம் மாவட்டங்களுக்கு அண்டர்வோல்ட் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன். கிளாக் வேகத்தைப் பெரிதாக விட்டுக்கொடுக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைத்தால், வெப்பமும் விசிறிச் சத்தமும் கண்கூடாகக் குறைகின்றன.

கிராமப்புறத்தில் இருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரம் வந்து சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வீட்டு மின்னழுத்தம் இறங்கி, கேமின் நடுவில் கணினி மொத்தமாக அணைந்து மீண்டும் எழுவதுண்டு. அதை ஓவர்கிளாக்கின் குற்றம் என்று முடிவுகட்டி வேகத்தைக் குறைப்பதற்கு முன், அதே நேரத்தில் மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு பிளக் பாயின்ட்டில் மின்னழுத்தத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.