கேஜ் முள் இறங்கினால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை

"நேற்று நிரப்பிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். காலையில் பார்த்தால் கேஜில் அழுத்தம் பத்து பார் இறங்கிக் கிடக்கிறது. எங்கோ லீக்!" என்று இந்த வாரமும் ஒருவர், கேஸ் நிரப்பும் எங்களிடம் வந்தார். வால்வில் சோப்பு நீர் தடவினோம், ஒரு குமிழிகூட வரவில்லை. தராசில் ஏற்றினோம், எடை அப்படியே இருந்தது. இரவு குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் அவர் வாஷரை மாற்றி, அழுத்தத்தில் இருக்கும் சிலிண்டரின் வால்வு நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கியும் பார்த்துவிட்டார். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆக்சிஜன், ஆர்கான் சிலிண்டர்களோடு பழகியவர்களுக்கே இந்தக் குழப்பம் அதிகம். அவற்றில் இருப்பது வெறும் வாயு. பாதி செலவானால் முள்ளும் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. சாதாரண வெப்பநிலையில் சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கும், அதன் மேல் ஆவி நிற்கும். அந்த ஆவியின் அழுத்தத்தைத்தான் கேஜ் காட்டுகிறது. 10 டிகிரி செல்சியஸில் சுமார் 44 பார், 20 டிகிரியில் 56, 30 டிகிரியில் 71. திரவம் நிறைய இருந்தாலும் கொஞ்சம் இருந்தாலும் இதே கணக்குத்தான்.

10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 6.7 கிலோ நிரப்பி, 20 டிகிரியில் வைத்து நிதானமாகச் செலவழியுங்கள். 6 கிலோ இருக்கும்போதும் 56 பார்தான், 4 கிலோ இருக்கும்போதும் 56 பார்தான். சுமார் 2 கிலோவுக்கு வந்து, திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகே முள் இறங்கத் தொடங்கும். அதாவது 70 சதவீதம் போகும்வரை கேஜ் வாயே திறக்காது. அதைப் பார்த்து "இன்னும் ஃபுல்லா இருக்கு" என்று நம்புகிறவர்களுக்கு நடு வேலையில்தான் உண்மை தெரியவருகிறது.

வேகமாக கேஸ் எடுத்தாலும் முள் இறங்கும். ஆவியாகும் திரவம் சிலிண்டரையே குளிர்விக்கிறது, சில நேரம் வெளியே உறைபனிகூடப் படியும். சும்மா விட்டால் தானே ஏறிவிடும். தயவுசெய்து அதற்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், தீ காட்டவே காட்டாதீர்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்குத்தான்: குளிர்ந்த காலையில் வந்து, "முள் கம்மியா இருக்கே, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்பார்கள். முடியாது. சிலிண்டருக்குக் குறித்த எடைக்கு மேல் ஒரு கிராம்கூட ஏற்ற மாட்டோம். 10 டிகிரியில் லிட்டருக்கு 0.86 கிலோ நிரப்பினால் சிலிண்டர் முழுக்கத் திரவமாகிவிடும், அது விரிய உள்ளே இடமே இருக்காது. அப்புறம் கொஞ்சம் சூடேறினாலும் அழுத்தம் தாறுமாறாக எகிறும். சரியாக நிரப்பிய சிலிண்டரே 50 டிகிரியில் 100 பாரைத் தாண்டும். பூட்டிய வண்டிக்குள், வெயிலில் அதைக் கிடத்திவைக்கிறீர்கள்! அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து கேஸை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடு கிழிந்தால் மொத்த கேஸும் அந்தச் சின்ன இடத்தில் கொட்டும். காற்றைவிடக் கனமான அது அடியில் தேங்கி, உள்ளே இருப்பவரை மயக்கிச் சாய்த்துவிடும்.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? தராசில் வையுங்கள். சிலிண்டரின் தோளில் காலி எடை பொறித்திருக்கும், அதைக் கழியுங்கள். எடை போடும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் கேஜே இருக்காது, அதையும் எடை பார்த்துத்தான் சோதிக்கிறோம்.

லீக் என்று சந்தேகம் வந்தால் சோப்பு நீர் போதும். குமிழி வந்தால் சிலிண்டரைக் காற்றோட்டமான திறந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, நிரப்புகிறவரைக் கூப்பிடுங்கள். ஸ்பேனரை மட்டும் எடுக்காதீர்கள்.